விலை கூடிய போர்டும் அடுப்பு மாஸ்டரும்

தம்பி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்வதற்குள் நம் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் இதைப் படித்து முடித்திருப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் சத்தம் போட்டு வாசித்துக் காட்டியிருப்பார்கள். கோபப்படாதே, மகனே. அப்படி நடக்கவேண்டும் என்றுதான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் பாடசாலை ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். ஆறு வருடங்களுக்கு முன் உன் மேல் நான் போட்ட பழியைக் கதவைச் சாத்திக்கொண்டு போடவில்லை. பாடசாலை மண்டபத்தில், ஊர் கூடியிருந்தபோது, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி போட்டேன். பழியை ஊருக்குச் சொல்லிவிட்டு, அது பழிதான் என்பதை மட்டும் உன் காதோடு சொன்னால் நியாயமாகாது.

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. நம் பாடசாலைக்குக் கணனி வந்த கதையை இரண்டு பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். மஸ்கெலியாவில் கணனி திருத்தும் கடை வைத்திருக்கிறேன், அந்தக் கணனியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்ததும் நான்தான், அதனால் கேட்டார்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நீ இல்லாமல் அந்தக் கதை நகரவில்லை. நீ வந்தால் என் பொய்யும் கூடவே வந்து நின்றது. அம்மா உன்னோடு தொலைபேசியில் கதைத்தபோது, அப்பா நடந்ததை எழுதப்போகிறார் என்று சொன்னாளாம். நீ சொன்ன பதிலை அவள் ஒரு எழுத்துக் குறையாமல் என்னிடம் ஒப்பித்தாள்: "அது அவரு இஷ்டம்மா. ஆனா சிரிப்பு வர்ற மாதிரி எழுத வேணாம்னு மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான், ராசா. பதினாறு வயதில் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கைப் பத்து நிமிடம் முன்னதாக ஊதிவிட்டு, மலை முழுக்க நின்ற ஆட்களைக் கூடையோடு கீழே இறக்கிய பயல் நான். துரை கத்தினார், கணக்கப்பிள்ளை கத்தினார், ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து, எங்கே நாலு பேர் நின்றாலும் அவர்களைச் சிரிக்க வைக்காமல் என்னால் வீட்டுக்குப் போக முடிந்ததில்லை. என் வாய்க்குப் பூட்டுப் போட ஹற்றன் முழுக்கத் தேடியும் பூட்டுக் கிடைக்கவில்லை என்பாள் உன் அம்மா. இந்தக் கடிதத்தில் எங்காவது அந்த வாய் எட்டிப் பார்த்தால், அதை நான் விரட்ட முயன்றேன் என்பதை மட்டும் நம்பு.

இப்போது ஏன் என்று கேட்பாய். காரணம் உன் கல்யாணம். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் உன்னோடு வேலை செய்கிற பெண்ணை நீயே பார்த்து, நீயே பிடித்து, அம்மாவிடம் சொன்னாய். அவளுடைய சொந்த இடம் டயகம என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம், நம் மலைப்பக்கத்துப் பிள்ளை என்று. போன மாதம் பெண் வீட்டில் பேச்செடுக்க அவள் தனியாகத்தான் போனாள். அங்கே பெண்ணுக்குத் தாய்மாமன், லொறி ஓட்டுகிறவர், உன் பெயரையும் நம் தோட்டத்தின் பெயரையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். "பொறுங்க, பொறுங்க. அந்த அடுப்பு மாஸ்டரா? தோட்டமே சேந்து வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர எரிச்ச பையன்தானே? அவங்கிட்ட எங்க பொண்ண எப்படிங்க நம்பிக் குடுக்கிறது?" அம்மா பஸ் மாறி மாறி மழையில் நனைந்துகொண்டு வந்தாள். கடைக்குள் ஏறவில்லை. வாசல் படியில் நின்றபடியே இதைச் சொன்னாள். "நீங்க வச்ச பேரு டயகம வரைக்கும் போயிருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கதை தெரியாத பிள்ளைகளும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நீ பொறுத்துக்கொள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம் பாடசாலையிலேயே நிலைத்துவிட்ட கணித மாஸ்டர் ஒரு நாள் பின்னேரம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். நீ முக்காலியில் உட்கார்ந்து பழைய பல்துலக்கியால் ஒரு கீபோர்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். உன் பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நன்றாகத் துலக்குகிறவன் நீ. மாஸ்டர் நேரே விஷயத்துக்கு வந்தார். "தோட்டத்துச் சனம் ஆளுக்கொரு நாள் சம்பளத்தை விட்டுக் குடுத்து வாங்கிற சாமான் இது. ஒருக்காத்தான் வாங்கேலும். மதர்போர்டிலை விலை கூடினதும் இருக்காம், குறைஞ்சதும் இருக்காம். கூடினது கனகாலம் நிக்குமோ?"

கணனிக்குள் மற்ற உறுப்புகள் எல்லாம் வந்து செருகிக்கொள்ளும் பெரிய பலகைதான் மதர்போர்ட். அது போனால் எல்லாம் போச்சு. ஆகவே மாஸ்டர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மையான பதில். அப்போது கடை தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தொழிற்சாலையில் மோட்டருக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தவன், கொழும்புக் கடைக்காரர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து இங்கே விற்றேன். ஆனால் ஒரு யாழ்ப்பாணத்துப் படித்த மனிதர் என்னிடம் வந்து கேட்கிறார் என்றதும் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது.

"வேகத்த மட்டும் கூட்டாம வச்சிருந்தா, பத்து வருஷத்துக்கு மூடியக் கழட்டவே தேவையில்லீங்க மாஸ்டர். விலை சும்மாவா கூடியிருக்கும்?" என்றேன்.

"வேகம் கூட்டுறதெண்டா?"

நீதான் முக்காலியிலிருந்து பதில் சொன்னாய். "ஓவர்க்ளாக் பண்றதுங்க மாஸ்டர். பதினாறு கிலோ கொழுந்து எடுக்கிறவங்கள இருபத்தஞ்சு கிலோ எடுக்க வைக்கிற மாதிரி. எடுப்பாங்க. ஆனா சாயங்காலம் கை நடுங்கும்."

மாஸ்டர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொடியன் ஆர்? உங்கட மகனோ? இவன் எனக்கு வேணும்." அந்த ஒரு பதிலில் நீ சின்ன மாஸ்டர் ஆனாய். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டே, வாரத்தில் மூன்று நாள், பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளுக்குக் கணனி காட்டிக் கொடுத்தாய். உன்னைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதை நான் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கணனி, முப்பது தலை. நடுவில் நீ. எனக்குள் பெருமையும் இருந்தது. அதன் ஓரத்தில், இவன் என்னைவிட நன்றாகச் சிரிக்க வைக்கிறானே என்ற ஒரு சின்னப் பொறாமையும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏனென்றால் நீ என் மகன். மாஸ்டருக்குத் தெரியாமல் அவர் குரலை மைக்கில் பிடித்து, கணனியைப் போட்டதும் அவர் குரலிலேயே "எல்லாரும் இருங்கோ பிள்ளையள்!" என்று கத்தும்படி செய்து வைத்தாய். அவர் வேறு வகுப்பில் இருக்கும்போது, இங்கே நின்ற வகுப்பு முழுதும் படாரென்று உட்கார்ந்தது. மாஸ்டருக்கு விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்தை மாற்றவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். உன் குறும்பினால் யாரும் அழுததில்லை, தம்பி. அங்கேதான் நீ என்னிலிருந்து வேறுபட்டாய்.

இனி அந்தக் கணனிக்கு நான் போட்ட உறையின் கதை. மழைக்காலத்தில் நீர்த்தேக்கத்திலிருந்து ஏறி வரும் பனிமூட்டம், விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு வந்த ஆள் மாதிரி, நேரே வகுப்பறைக்குள் வந்து நின்றுவிடும். காய்ந்த சட்டையைக் கதிரையில் போட்டால் பின்னேரம் பிழியலாம். ஊர்ச் சனத்தின் ஒரு நாள் உழைப்பு அந்த ஈரத்தில் போய்விடக் கூடாது என்று எனக்குப் பயம். நம் வீடுகளில் ரேடியோவுக்கும் தொலைக்காட்சிக்கும் உறை போட்டே வளர்த்தவர்கள் நாம். ஆகவே கொழுந்தெடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டுகிற கனமான பொலித்தீனை வாங்கி, கணனிப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு உறை செய்து போட்டேன். பொத்தானை அமத்த ஒரு ஓட்டை, டிஸ்க் போட ஒரு ஓட்டை, பின்னால் வயர்களுக்கு ஒரு ஓட்டை. ஓட விடும்போதும் கழற்றக் கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்.

நீ உறையைச் சுற்றி ஒரு தடவை வந்து பார்த்தாய். "அப்பா, உள்ள சுத்துற காத்தாடி விடுற காத்து எப்படி வெளிய போகும்? மூச்சு முட்டாதா?"

"மூச்சு விட அது என்ன உன் மாமனா மச்சானா? ஈரம் போனாத்தான்டா சாகும்" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. சரியான கேள்வியை நீ சரியான நேரத்தில் கேட்டாய். அதை நான் ஒரு சிரிப்பால் மூடினேன்.

ஒன்றரை வருடம் நிற்கவில்லை. முதலில் நடுவில் நடுவில் தானாக அணைந்து எழும்பியது. பிறகு திரையில் படம் உறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பொத்தானை அமத்தினால் காத்தாடி மட்டும் சுற்றியது, வேறு எதுவும் வரவில்லை. அடுத்த நாள் பெற்றோர் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் உட்காரப் புது வாங்குகளை ஏற்றிக்கொண்டு வந்த லொறிக்காரர் ஒருவர், தேத்தண்ணீர்க் கோப்பையோடு கதவருகில் நின்றார். டயகம ஆள். ஆம், அவரேதான்.

கணனியை மேடையில் வைத்து நான் பொத்தானை அமத்திப் பார்த்தேன். மூடியைக் கழற்றவில்லை. உறையையும் கழற்றவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். "அண்ணே, பத்து வருஷம்னு சொன்னீங்களே?" மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் மண்டபம் என்னைப் பார்த்தது. எனக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தன. விலை கூடியது நீண்ட காலம் நிற்கும் என்று நான் சொன்னது பிழை என்று ஒத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், யாரோ வேகத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம். கடையில் கிடந்த ஒரு பழைய கணனியில், விளையாட்டுக்காக நீ வேகத்தைக் கூட்டி நான் உன் கையில் அடித்தது ஒரு மாதத்துக்கு முன்தான். அது ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் வாயும் திறந்தது.

"வேகத்தக் கூட்டாம இருந்தா பத்து வருஷம்னு சொன்னேன். கூட்டினா நான் என்ன செய்ய முடியும்?"

எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பியது. நீ சுவரோரம் நின்றாய். "நான் கூட்டலப்பா. சத்தம் மாத்தினேன், படம் மாத்தினேன். அத நான் தொடவே இல்ல. மூடியக் கழட்டிப் பாருங்கப்பா."

கழற்றியிருக்கலாம். நாலு திருகாணி. அதற்குப் பதிலாகச் சொன்னேன்: "கோழியப் புடிச்சவன் முட்டையத் தொடலன்னு சொன்னா நம்பவா முடியும்?" மண்டபம் சிரித்தது. சிரிப்பு வந்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று உனக்குத் தெரியும். "சின்ன மாஸ்டராம், சின்ன மாஸ்டர்! கம்ப்யூட்டரக் குடுத்தா அடுப்பாக்கி வச்சிருக்கான். இன்னையில இருந்து இவன் அடுப்பு மாஸ்டர்!" கதவருகில் நின்ற லொறிக்காரர் தேத்தண்ணீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு காலம் நன்றாகத் தூங்கியிருப்பேன். நான் விளையாடுகிறேன், இப்போது நிறுத்தி உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நீ காத்திருந்தாய்.

மாஸ்டருடைய மேசையின் இழுப்பு லாச்சியில் அப்போது ஒரு கடிதம் தயாராக இருந்தது என்பது உனக்குத் தெரியும். கண்டியில் கணனிப் படிப்புக்கு உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் எழுதியது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கூட்டம் முடிந்து அவர் என்னிடம் வந்தார். "பெத்த தகப்பன் நீங்களே இப்பிடிச் சொன்னாப் பிறகு, நான் எப்பிடி அவனுக்குப் பொறுப்பு நிண்டு கையெழுத்து வைக்கிறது?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை வெட்கம் என்று நினைத்தார்.

பஸ் தரிப்பிடத்தில் சின்னப் பிள்ளைகள் உன்னைக் கேட்டார்கள்: "அடுப்பு மாஸ்டர், தேத்தண்ணி கொதிச்சிருச்சா?" முதல் இரண்டு நாள் நீயும் சேர்ந்து சிரித்தாய். பிறகு பஸ்ஸுக்குப் போகாமல் குறுக்குப் பாதையில் நடந்தாய். பத்தாவது நாளோ என்னவோ, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பினாய். அம்மா ஹற்றன் ஸ்டேஷன் வரை வந்தாள். நான் கடை மாடியில் நின்று பஸ் போவதைப் பார்த்தேன். வெளியில் வரவில்லை. வேலை இருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். ஒரு வேலையும் இருக்கவில்லை.

இனிமேல் நான் எழுதப்போவது உனக்கும் தெரியாதது. நீ போய் மூன்று வாரம் கழித்து, மாஸ்டர் அந்தக் கணனியைத் திருத்தக் கொடுத்தனுப்பினார். கடையில் தனியாக இருந்தேன். பொலித்தீன் உறையைக் கத்தியால் வெட்டினேன். உள்பக்கம் மங்கிப்போய், ஓரங்களில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஈரத்தைத் தடுக்கப் போட்ட சட்டை ஈரத்தையும் சூட்டையும் சேர்த்தே உள்ளே பூட்டி வைத்திருந்தது. மூடியைக் கழற்றினேன். போர்டில் கெப்பாசிட்டர் என்று சின்னச் சின்ன உருளைகள் நிற்கும். வருகிற கரண்டைப் பிடித்து வைத்து அளவாக விடுவது அவற்றின் வேலை. தலை தட்டையாக இருக்கவேண்டும். ஆறு உருளைகளின் தலை ஊறவைத்த கடலை மாதிரி வீங்கியிருந்தது. இரண்டிலிருந்து கபில நிறத்தில் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் என் மனம் ஒரு சாக்குத் தேடியது: வேகம் கூட்டினாலும் இப்படி வீங்கலாம் அல்லவா?

வேறு செத்த போர்டுகளிலிருந்து ஆறு கெப்பாசிட்டர் கழற்றி மாற்றி ஈயம் வைத்தேன். பொத்தானை அமத்தினேன். திரை வந்தது. போர்டில் சில்லறைக் காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. போர்டு செத்துக் கிடந்தாலும், கடைசியாக என்ன வேகம் வைக்கப்பட்டிருந்தது என்பதை அந்தப் பேட்டரி மறக்க விடாது. வேகத்தைக் காட்டும் பக்கத்தைத் திரையில் திறந்து பார்த்தேன். முதல் நாள் என் கையால் நான் வைத்த வேகம். ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை. நீ தொடவே இல்லை. உனக்காகச் சாட்சி சொல்ல அந்தக் கடையில் அது ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். திருத்திய கணனியைத் தோளில் தூக்கிக்கொண்டு சொல்லத்தான் போனேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். "எல்லாரும் இருங்கோ பிள்ளையள்!" என்று அது கத்தியதும் எல்லோரும் சிரித்தார்கள், ஒரு சின்னப் பெண் பிள்ளை மட்டும் "சின்ன மாஸ்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். யாரோ சொன்னார்கள்: "மகன் எரிச்சத அப்பா எழுப்பிட்டாரு. கைராசிக்காரரு." மாஸ்டர் தேத்தண்ணீர் வரவழைத்தார். நான் குடித்தேன், தம்பி. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, போகும்போது ஒன்றே ஒன்று சொன்னேன்: "இனி உறை போடாதீங்க. காத்துப் படட்டும்." ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உறை தந்த ஆளையே எல்லோரும் நம்பினார்கள். மூடியைக் கழற்றச் சொன்ன பிள்ளையை ஒருவரும் நம்பியிருக்கவில்லை.

அதன்பிறகு மூன்று தடவை பக்கத்துக் கொம்யூனிகேஷன் கடைக்குப் போய், நீ வேலை செய்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஹலோ, கவுத?" எனச் சிங்களத்தில் ஒரு குரல் நான் யாரென்று கேட்டதும் வைத்துவிட்டேன். அந்தக் கடைக்கார அக்காவின் மேசையிலும் நான் பூட்டிக் கொடுத்த ஒரு கணனி இருக்கிறது. அதே வருடத்தில் பூட்டியது. இருந்ததிலேயே விலை குறைந்த போர்ட். பக்க மூடி எப்போதோ காணாமல் போய், திறந்த பெட்டியாகவே ஓடுகிறது. அது இன்றைக்கும் ஓடுகிறது. நான் ரிசீவரை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் காத்தாடிச் சத்தம் என் காதில் விழும்.

மாஸ்டர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள், மலரைப் படிக்கிறவர்களுக்கும் உதவட்டும். வேகத்தைக் கூட்டாமல் வைத்திருந்தால் விலை கூடிய போர்ட் அதிக காலம் நிற்குமா? விலைக்காக நிற்காது. கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பகுதி, வேகம் கூட்டிப் பார்க்கிறவர்களுக்கான வசதிகளுக்கும், நாம் ஒரு நாளும் செருகப்போகாத அட்டைகளுக்கான இடத்துக்கும் போகிறது. சில விலை கூடிய போர்டுகளில் உறுதியான கெப்பாசிட்டர் இருக்கும். இருக்கிறதா என்று திறந்து பார்த்துத்தான் சொல்லலாம், பெட்டியின் பளபளப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வருடங்களில் விலை கூடியதும் வீங்கியது, குறைந்ததும் வீங்கியது. இரண்டையும் என் மேசையில் பார்த்திருக்கிறேன். காற்றும் சீரான கரண்டும்தான் ஆயுள். பொல்பிட்டிய மின்நிலையத்தில் பிறக்கிற கரண்ட் நம் மலைக்கு ஏறி வருவதற்குள் களைத்துவிடுகிறது. தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் சுற்றத் தொடங்கினால் பாதி வழியில் உட்கார்ந்தே விடுகிறது. ஆகவே நடுத்தரமான ஒரு போர்டை வாங்கி, மிச்சக் காசைக் கணனிக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டிக்குச் செலவழியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழற்றித் தூசு தட்டுங்கள். நான் அன்றைக்கு, "தெரியாதுங்க மாஸ்டர், கேட்டுப் பாத்துச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. உனக்கு நான் ஏதாவது புத்தி சொல்லத் தகுதி இருந்தால் அதுதான்: தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே. உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்து, அது சுவரோரம் நின்று நான் செய்யவில்லை என்று சொன்னால், நாலு ஆணியைக் கழற்றிப் பார்க்கும் வரை வாயைத் திறக்காதே.

போன வருடம் உன்னைப் பார்த்துவிட்டு வந்த அம்மா ஒன்று சொன்னாள். நீ வேலை செய்கிற, தரைக்குப் பதிக்கும் ஓடு விற்கிற களஞ்சியத்தில் கணனி நின்றுபோயிற்றாம். "மலைப்பக்கத்துப் பையனுக்கு ஏதும் தெரியுமா?" என்று முதலாளி கேட்டாராம். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றாயாம். ஓடு அடுக்கப் போய்விட்டாயாம். அம்மா இதைச் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். என்னால் கையைச் சோற்றில் வைக்க முடியவில்லை. முப்பது தலைக்கு நடுவில் நின்றவன் நீ. உன்னிடமிருந்து நான் எடுத்தது ஒரு படிப்பை மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை முதலில் மாஸ்டரிடம்தான் கொடுத்தேன். இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார், மலருக்கும் அவரே பொறுப்பு. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "மூடியைத் திறந்து பார்த்தனீங்களோ எண்டு நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேணும். கணக்குப் படிப்பிக்கிறவன், விடையைச் சரிபார்க்காமல் விட்டிட்டன்" என்றார். ஒரு வரியும் வெட்டாமல் அச்சுக்கு அனுப்பினார். டயகமவுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஆள் துணையோடு சொல்கிற விஷயம் இல்லை இது.

அம்மா விடாமல் இரண்டாம் தடவையும் போய்க் கேட்டதில், தாய்மாமன் ஒரு வழி விட்டிருக்கிறார். "தகப்பனாரக் கூட்டிட்டு தட்டோட வாங்க. பேசிப் பாப்போம்." வழக்கம் உனக்குத் தெரியும். பரிசத் தட்டை நடுவில் இறக்கி வைத்ததும் பெண் பக்கத்துப் பெரியவர் பையன் எப்படி என்று கேட்பார். தங்கமான பையன் என்று தகப்பன் சொல்லவேண்டும். நம் மலையில் எந்தத் தகப்பனும் வேறு பதில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, இறக்குவதற்கு முன்னால் பேசுவேன். அந்தக் கணனியை எரித்தது என் உறை, என் மகன் இல்லை, அது தெரிந்த பிறகும் ஆறு வருடம் அவன் பெயரை நான் எரிய விட்டேன் என்று, கதவருகில் நின்று சிரித்த அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட அப்பன் இருக்கிற வீட்டுக்குப் பெண் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அதில் பிழை இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் நீ என்னோடு எழுந்து வந்துவிடாதே. அங்கேயே அம்மாவின் பக்கத்தில் இரு. தட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நான் மட்டும் வெளியே வருகிறேன். நான் போன பிறகு பெண்ணை நீயே கேள், உன் வாயால் கேள், இந்தத் தடவை அவர்கள் கேட்பார்கள். டயகமவிலிருந்து தனியாகத் திரும்பி வர எனக்கு வழி தெரியும்.

அப்பா